மூன்று கேள்விகளின் வரலாறு: அமெரிக்கப் பள்ளிகளில் ‘ஆங்கிலம் கற்போர்’

அமெரிக்காவில் வாழும் என் பெரியம்மா மகள் தம் ஐந்து வயது மகனைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சேர்க்கைப் படிவங்களுள் ஒன்றில் மூன்று கேள்விகள் இருந்தனவாம். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது? குழந்தை இப்போது மிகுதியாகப் பேசும் மொழி எது? வீட்டில் பெரும்பாலும் பேசப்படும் மொழி எது? மூன்றுக்கும் உண்மையான விடை தமிழ். ஆனால் அங்குள்ள நண்பர்கள், “ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள், தமிழ் என்று எழுதினால் பையனைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்கள்” என்று சொல்லியிருந்தார்கள். “நீ மொழியியல் படிக்கிறவன்தானே, என்ன எழுதட்டும்?” என்று அக்கா கேட்டார்.

அன்று நான் சொன்ன விடையை இறுதியில் எழுதுகிறேன். அந்த மூன்று கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவை ஓர் உரிமைப் போராட்டத்தின் விளைவாகப் பிறந்தவை; பிறந்த சில ஆண்டுகளிலேயே அரசால் கைவிடப்பட்டவை; ஆயினும் இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் பள்ளிகளில் நிலைத்திருப்பவை. அவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், ஒரு குழந்தையை இனங்காண்பதில் அடைந்த முன்னேற்றத்தை, அந்த அடையாளத்திலிருந்து அதனை விடுவிப்பதில் அமெரிக்கக் கல்வி அடையவில்லை என்பது தெரியும். இப்பதிவின் சாரம் அதுவே.

பள்ளி மாவட்டம் என்பது

அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது நம்முடைய வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலானவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தனிக் கல்விக்குழு உண்டு; உள்ளூர்ச் சொத்துவரி அவற்றின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. இத்தகைய மாவட்டங்கள் நாடெங்கும் ஏறத்தாழ 13,000 உள்ளன. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. அன்றாட நடைமுறை மாவட்டத்தின் பொறுப்பு. கூட்டரசுக்கு இருப்பது நிதியும் குடிமை உரிமைச் சட்டங்களும்தாம். ஒரு குழந்தைக்கு ஆங்கிலம் தெரியுமா, தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரே நாட்டில் பல விடைகள் இருந்ததற்கும், அவற்றை ஒழுங்குபடுத்த நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பத் தலையிட நேர்ந்ததற்கும் இந்த அமைப்பே காரணம்.

தடையிலிருந்து நிதி உதவி வரை

முதல் உலகப் போரின் ஜெர்மானிய வெறுப்பு உச்சத்தில் இருந்த காலத்தில், 1919இல், நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பைக் கடக்காத குழந்தைக்கு எந்த அயல்மொழியையும் கற்பிக்கக் கூடாது என்றது அது. லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் ராபர்ட் மேயர், 1920 மே 25 அன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்தார்; 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆசிரியரின் கற்பிக்கும் சுதந்திரமும் பெற்றோரின் தேர்வுரிமையும் காக்கப்பட்டன. ஆனால் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று விதிக்க மாநிலத்துக்குள்ள அதிகாரத்தை அத்தீர்ப்பு கேள்விக்கு உள்ளாக்கவில்லை. ஆகவே ஆங்கிலம் அறியாமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அத்தீர்ப்பால் நேரடிப் பயன் ஏதும் இல்லை.

அக்குழந்தை சட்டத்தின் பார்வைக்கு வர இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. டெக்சாஸைச் சேர்ந்த கூட்டரசுச் செனட்டர் ரால்ஃப் யார்பரோ முன்மொழிந்த இருமொழிக் கல்விச் சட்டத்தில் 1968 ஜனவரி 2 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். ஜான்சன் தம் இளமையில் டெக்சாஸின் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். இச்சட்டம் விண்ணப்பிக்கும் மாவட்டங்களுக்கு நிதி தந்தது. விண்ணப்பிக்காத மாவட்டங்கள்மீது எக்கடமையையும் சுமத்தவில்லை. 1969ஆம் நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை நாடு முழுமைக்குமாக 75 லட்சம் டாலர்.

இதே காலத்தில் கலிபோர்னியாவில் டயானா வழக்கு நடந்தது. மெக்சிக்க அமெரிக்கக் குழந்தைகள் ஒன்பது பேர் ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட நுண்ணறிவுத் தேர்வின் அடிப்படையில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஸ்பானிய மொழி அறிந்த உளவியலாளர் ஒருவர் இருமொழியிலும் மீண்டும் சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரிய வரம்பைத் தாண்டி மதிப்பெண் பெற்றார்கள். சோதித்தவர்கள் அறிவை அளந்ததாக எண்ணினார்கள். உண்மையில் அளக்கப்பட்டது ஆங்கிலம். 1970இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

அதே 1970ஆம் ஆண்டு மே 25 அன்று, நெப்ராஸ்காவில் மேயர் அச்சிறுவனுக்குக் கற்பித்த நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, கூட்டரசின் குடிமை உரிமைகள் அலுவலக இயக்குநர் ஸ்டான்லி பாட்டிங்கர் பள்ளி மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இன வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மொழிக் காரணத்தால் கல்வியிலிருந்து விலக்கப்படும் தேசிய சிறுபான்மைக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்றது அது. மொழிக் குறைபாட்டைக் களைய மாவட்டம் தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆங்கிலத் திறனை அளக்கும் சோதனையைக் கொண்டு குழந்தையை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கக் கூடாது. மொழிக்காகப் பிரிக்கும் பிரிவு மீள வழியில்லாத பிரிவாக ஆகிவிடக் கூடாது. பெற்றோருக்கு அவர்கள் அறிந்த மொழியில் செய்தி அனுப்ப வேண்டும் என்று நான்கு கட்டளைகளை அது வகுத்தது. மூன்றாவது கட்டளையை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அதற்குப் பின்னர் திரும்பி வருவேன்.

சான் பிரான்சிஸ்கோ

சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குழந்தைகளுக்குப் பள்ளியோடு நீண்ட வழக்கு உண்டு. 1885இல் மேமி டேப் என்ற சிறுமியைப் பொதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே மாநிலச் சட்டமன்றம் சீனர்களுக்குத் தனிப்பள்ளி அமைக்க வழிசெய்து, அத்தீர்ப்பின் பயனைப் பறித்தது. 1971இல் நிலைமை நேர்மாறானது. இனப்பிரிவினையை நீக்கும் நீதிமன்ற ஆணைப்படி குழந்தைகளை நகரின் வேறு பகுதிகளுக்குப் பேருந்தில் அனுப்ப முற்பட்டபோது, சீனப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். தங்கள் பகுதிப் பள்ளியில் கிடைத்த மொழியும் பண்பாடும் சார்ந்த ஆதரவை இழப்போம் என்பது அவர்கள் அச்சம். ஆணையை நிறுத்திவைக்க வேண்டிய அவர்களது மனுவை உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் தள்ளுபடி செய்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவரும் அதே டக்ளஸ்தான். கின்னி கின்மன் லாவ் என்னும் தொடக்கப்பள்ளிச் சிறுவனின் பெயரால், வழக்கறிஞர் எட்வர்ட் ஸ்டைன்மன் 1970இல் தொடுத்த வழக்கு அது. நகரின் பள்ளிகளில் ஆங்கிலம் பேசாத சீனவழிக் குழந்தைகள் 2,856 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ 1,000 பேருக்குக் கூடுதல் ஆங்கில வகுப்பு கிடைத்தது. 1,800 பேருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கீழ் நீதிமன்றங்கள் மனுவை ஏற்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் வெவ்வேறு வாய்ப்புகளோடும் குறைகளோடும் பள்ளிக்கு வருகிறது, எல்லாருக்கும் ஒரே வசதியை அளித்தால் அரசின் கடமை முடிந்தது என்பது அவற்றின் வாதம்.

1974 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இவ்வாதத்தை மறுத்தது. ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் என்று அளிப்பதனால் மட்டும் சமநிலை உண்டாகிவிடாது; ஆங்கிலம் புரியாத குழந்தைக்கு அவை எல்லாம் இருந்தும் கல்வி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இதற்கு அது கண்ட அடிப்படை எளியது. மாநிலம் குழந்தையைப் பள்ளிக்கு வரக் கட்டாயப்படுத்துகிறது. ஆங்கிலத் தேர்ச்சி இல்லாமல் பட்டயம் தர மறுக்கிறது. அதே ஆங்கிலத்தை முன்கூட்டியே கற்று வரவேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் பொதுக்கல்வி கேலிக்கூத்தாகிவிடும்.

ஆனால் தீர்ப்பு தீர்வைச் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்பிக்கலாம், சீன மொழியில் பாடம் நடத்தலாம், வேறு வழியும் இருக்கலாம் என்று மாவட்டத்திடமே விட்டது. இன்னொரு வரம்பும் இருந்தது. நீதிபதி ஹாரி பிளாக்மன் தம் தனிக்குறிப்பில், இது 1,800 குழந்தைகள் பற்றிய வழக்கு என்பதை வலியுறுத்தினார். ஆங்கிலம் அறியாத ஒரே ஒரு குழந்தை இருக்கும் பள்ளிக்கு இத்தீர்ப்பை முடிந்த முடிபாகத் தாம் கொள்ளப்போவதில்லை என்றார். எண்ணிக்கை இருந்தால்தான் உரிமையா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய சமக் கல்வி வாய்ப்புச் சட்டம் அதற்கு விடையளித்தது. மாணவர்கள் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்கும் மொழித் தடைகளைக் களையத் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறுவது, ஒரு ‘தனிநபருக்கு’க் கல்விச் சமவாய்ப்பை மறுப்பதாகும் என்றது அச்சட்டம். பள்ளியில் தமிழ் பேசும் குழந்தை ஒன்றே ஒன்று இருந்தாலும் மாவட்டத்துக்குக் கடமை உண்டு என்று இன்று சொல்லக்கூடியது இந்தச் சொல்லின் வலிமையால்.

கேள்விகள் பிறந்த கதை

தீர்ப்பை நடைமுறைப்படுத்த வேண்டுமானால் முதலில் குழந்தைகளைக் கண்டறிய வேண்டும். இதற்காகக் குடிமை உரிமைகள் அலுவலகம் 1975இல் ‘லாவ் தீர்வுகள்’ எனப்படும் நெறிமுறைகளை வெளியிட்டது. அன்றைய கூட்டரசுக் கல்வி ஆணையர் டெரல் பெல் அவற்றை அறிவித்தார். குழந்தை முதலில் கற்ற மொழி, அது மிகுதியாகப் பேசும் மொழி, வீட்டில் மிகுதியாகப் பேசப்படும் மொழி ஆகிய மூன்றையும் மாவட்டம் அறிய வேண்டும் என்று அவை கூறின. என் அக்காவின் கையில் இருந்த படிவத்தின் மூதாதை இதுவே.

மொழியியல் நோக்கில் இவை கூர்மையான கேள்விகள். முதல் கேள்வி மொழி ஈட்டலைப் பற்றியது. இரண்டாவது குழந்தையின் இன்றைய பயன்பாட்டைப் பற்றியது. மூன்றாவது சூழலைப் பற்றியது. மூன்றுக்கும் விடை வெவ்வேறாக இருக்கலாம். பாட்டியிடம் தமிழ் கற்று, தமக்கையோடு ஆங்கிலம் பேசி, இருமொழியும் ஒலிக்கும் வீட்டில் வளரும் குழந்தையை ஒரே கேள்வியால் அறிய முடியாது.

இந்நெறிமுறைகள் முறையான சட்ட விதிகளாக வெளியிடப்படவில்லை. அலாஸ்காவின் பள்ளி மாவட்டம் ஒன்று இதையே காரணம் காட்டி வழக்குத் தொடுக்க, 1978இல் அரசு அவற்றை விதிகளாக்க ஒப்புக்கொண்டது. 1980இல் வரைவு விதிகள் வந்தன. தேர்தல் முடிந்து ரீகன் ஆட்சிக்கு வந்ததும், 1981 பிப்ரவரியில் அவ்வரைவு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற கல்வித்துறைச் செயலர், ஆறு ஆண்டுகளுக்கு முன் மூல நெறிமுறைகளை அறிவித்த அதே டெரல் பெல்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது டெக்சாஸின் ரேமண்ட்வில் என்னும் ஊரிலிருந்து எழுந்த காஸ்டனேடா எதிர் பிக்கார்ட் வழக்கு. 1981 ஜூனில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வகுத்தது. மாவட்டத்தின் திட்டம் அறிஞர் ஏற்கும் ஒரு கல்விக் கோட்பாட்டின்மேல் நிற்கிறதா? அக்கோட்பாட்டை நடைமுறையாக்கப் போதிய ஆசிரியரும் பொருளும் உண்டா? சில காலம் சென்றபின் பலன் தெரிகிறதா? ரேமண்ட்வில்லின் இருமொழி ஆசிரியர்கள் 100 மணி நேரப் பயிற்சியில் 700 ஸ்பானியச் சொற்களைக் கற்று வகுப்பறைக்குச் சென்றவர்கள் என்பது அவ்வழக்கின் பதிவு. பெயரளவுத் திட்டத்துக்கும் உண்மையான திட்டத்துக்கும் வேறுபாடு காட்ட நீதிமன்றத்துக்கு அந்த 700 சொற்களே போதுமானவையாக இருந்தன. உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத் தனதாக அறிவிக்கவில்லை. எனினும் குடிமை உரிமைகள் அலுவலகம் ஏற்றுக்கொண்டதால் நாடெங்கும் மாவட்டங்களை மதிப்பிடும் முறை அதுவாயிற்று.

1982இல் வந்த பிளைலர் எதிர் டோ தீர்ப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிவரவு ஆவணம் இல்லாத குழந்தைக்கும் பொதுப் பள்ளியில் இடம் உண்டு என்றது அது. எனவே வீட்டுமொழியைக் கேட்கும் படிவம் குடிவரவு நிலையைத் துருவும் கருவியாக மாறக் கூடாது என்பது இம்முறையின் அடிப்படை. அந்த நம்பிக்கை குலைந்தால் பெற்றோர் உண்மை எழுத மாட்டார்கள்.

இன்றைய நடைமுறை

இன்று நடப்பது சுருக்கமாக இது. சேர்க்கையின்போது வீட்டுமொழிப் படிவம். அதில் ஆங்கிலமல்லாத மொழி குறிக்கப்பட்டால், கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் ஆகிய திறன்களை அளக்கும் தொடக்கச் சோதனை. சிறு குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற வடிவில். வரம்புக்குக் கீழே மதிப்பெண் பெற்றால் ‘ஆங்கிலம் கற்போர்’ என்ற வகைப்பாடு, பெற்றோருக்கு அறிவிப்பு, ஏதேனும் ஒரு கற்பித்தல் திட்டம். பிறகு ஆண்டுதோறும் தேர்வு. போதிய மதிப்பெண் வந்தால் மறுவகைப்பாடு, அதாவது வெளியேற்றம். அதன்பின் சில ஆண்டுகள் கண்காணிப்பு. பெற்றோர் தனிவகுப்பை வேண்டாம் என்று மறுக்கலாம். ஆனால் வகைப்பாடு நீங்காது, ஆண்டுத் தேர்வும் நீங்காது.

ஆண்டுத் தேர்வு கட்டாயமானது 2002 ஜனவரியில் கையொப்பமான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டத்தால். இருமொழிக் கல்விச் சட்டம் அத்துடன் முடிவுக்கு வந்தது; ‘இருமொழி’ என்ற சொல்லின் இடத்தை ‘ஆங்கில மொழி ஈட்டல்’ பிடித்தது. 2015 டிசம்பரில் வந்த ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறும்’ சட்டம், நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் மாநிலம் முழுவதும் ஒரே நடைமுறை வேண்டும் என்றும், சேர்ந்த 30 நாள்களுக்குள் குழந்தையை மதிப்பிட வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு முன்பு கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஒரு மாவட்டத்தில் ‘ஆங்கிலம் கற்பவராக’ இருக்கும் குழந்தை அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் அவ்வாறு இல்லாமற்போகலாம்.

2021இல் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் இவ்வகைப்பாட்டில் இருந்தோர் ஏறத்தாழ 53 லட்சம் பேர். மொத்த மாணவரில் 10.6 விழுக்காடு. நான்கில் மூவருக்கு வீட்டுமொழி ஸ்பானியம். இவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இவர்களுக்கென்று கூட்டரசு அண்மை ஆண்டுகளில் தனியாக ஒதுக்கிய நிதி ஆண்டுக்கு ஏறத்தாழ 89 கோடி டாலர். பகிர்ந்து பார்த்தால் தலைக்கு 170 டாலரும் வராது. மீதிச் செலவு மாநிலத்தையும் மாவட்டத்தையும் சார்ந்தது.

கேள்வியைக் குறைத்தால்

2009இல் அரிசோனா மாநிலம் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சுருக்கியது. மாணவரின் முதன்மை மொழி எது என்பது மட்டும். இருமொழி பேசும் குழந்தையின் பெற்றோர் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிட்டால் அக்குழந்தைக்குச் சோதனையே கிடையாது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிளாட் கோல்டன்பர்க்கும் சாரா ரதர்ஃபோர்டு-குவாக்கும் முந்தைய படிவங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, உதவி தேவைப்படும் குழந்தைகளில் கணிசமானோர் ஒற்றைக் கேள்வியில் நழுவிவிடுவார்கள் என்று காட்டினார்கள். குடிமை உரிமைகள் அலுவலகம் விசாரணை மேற்கொண்டது. 2011இல் மாநிலம் மூன்று கேள்விகளுக்குத் திரும்பியது. சட்ட வலிமை இல்லாமற்போன 1975ஆம் ஆண்டு நெறிமுறை, மொழி பற்றிய சரியான புரிதலின் வலிமையால் மீண்டது என்று சொல்லலாம்.

பாஸ்டனில் வேறு வகைப் பிழை. அங்கே 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ‘பெற்றோர் உதவியை மறுத்தவர்கள்’ என்று தவறாகப் பதிவு செய்யப்பட்டு, சேவையின்றி விடப்பட்டிருந்ததை நீதித்துறையின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. 2010இல் மாவட்டம் உடன்பாட்டுக்கு வந்தது.

சோதனை எதை அளக்கிறது

படிவம் சரியாக இருந்தாலும் சோதனை தவறலாம். கலிபோர்னியாவில் ஒரு காலத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் தேர்ச்சியற்றோர் என்று ஒரு வகைப்பாடு இருந்தது. அதாவது மொழியே இல்லாத குழந்தைகள்! ஜெஃப் மெக்ஸ்வானும் கெல்லி ரோல்ஸ்டாடும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், புழக்கத்தில் இருந்த இரண்டு ஸ்பானியத் தேர்வுகள் ஒரே குழந்தைக் குழுவில் முறையே 74 விழுக்காட்டினரையும் 90 விழுக்காட்டினரையும் தாய்மொழியில் குறையுடையோர் என்று காட்டின. அக்குழந்தைகளின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, எதிர்பாராத அளவு உருபனியல் பிழை உடையோர் 2 விழுக்காட்டினரே. இத்தகைய தேர்வுகள் முழு வாக்கியத்தில் விடை கேட்பதை மெக்ஸ்வான் முன்பே குறை கூறியிருந்தார். “எங்கே போனாய்?” என்றால் “கடைக்கு” என்பதுதான் தமிழ்க் குழந்தையின் விடை. அதற்குள் எழுவாயும் வினையும் மறைந்து நிற்பது நம் இலக்கணம் பயின்ற எவருக்கும் தெரியும். “நான் கடைக்குப் போனேன்” என்று சொல்லாததற்கு மதிப்பெண் குறைப்பது மொழியை அளப்பது ஆகாது.

வெளியேறும் வழி

இப்போது 1970ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் மூன்றாவது கட்டளைக்கு வருகிறேன்: மொழிப் பிரிவு மீள வழியில்லாததாக ஆகிவிடக் கூடாது.

ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்திய வேறுபாடு ஒன்றுண்டு. விளையாட்டுத் திடலின் உரையாடல் ஆங்கிலம் விரைவில் வந்துவிடும். பாடநூலின் ஆங்கிலத்துக்கு நெடுங்காலம் ஆகும். கெஞ்சி ஹக்குட்டாவும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பேச்சுத் தேர்ச்சிக்கு 3 முதல் 5 ஆண்டுகளும் கல்விசார் தேர்ச்சிக்கு 4 முதல் 7 ஆண்டுகளும் ஆகும் என்று கண்டது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1998 ஜூனில், கலிபோர்னிய வாக்காளர்கள் 61 விழுக்காடு ஆதரவுடன் 227ஆம் முன்மொழிவை நிறைவேற்றியிருந்தார்கள். பொதுவாக ஓராண்டுக்கு மேற்படாத ஆங்கிலமயச் சூழல் வகுப்பு, பிறகு பொது வகுப்பு என்பது அதன் திட்டம். இருமொழி வகுப்புகள் பெருமளவில் மூடப்பட்டன. 2016இல் 58ஆம் முன்மொழிவின் வழியே, 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆதரவுடன், அதே வாக்காளர்கள் அத்தடையை நீக்கினார்கள்.

இடைப்பட்ட காலத்தின் விளைவை லோரி ஓல்சன் 2010இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. கலிபோர்னியாவின் 40 மாவட்டங்களில், உயர்வகுப்பு ‘ஆங்கிலம் கற்போரில்’ 59 விழுக்காட்டினர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அதே வகைப்பாட்டில் தேங்கியிருந்தார்கள். பேச்சில் எவரும் வேறுபாடு காண முடியாத ஆங்கிலம் அவர்களுடையது. தேர்வில் வரம்பைத் தாண்டாதவர்கள். 2012இல் ‘நெடுநாள் ஆங்கிலம் கற்போர்’ என்ற பெயரை மாநிலச் சட்டமே வரையறுத்தது. இலானா உமான்ஸ்கியின் ஆய்வுகள் காரணத்தை மேலும் நெருங்கின. கூடுதல் ஆங்கில வகுப்பு கால அட்டவணையில் இடம்பிடிக்க, முதன்மைப் பாடங்களுக்கே இடமின்றிப் போவது உண்டு. மழலையர் வகுப்பில் வரம்புக்கு ஒரு நூலிழை மேலே நின்ற குழந்தைகளையும் கீழே நின்ற குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, வகைப்பாடு பெற்றவர்களின் பிற்காலக் கணித, ஆங்கில மதிப்பெண்கள் தாழ்ந்திருந்தன. இத்தீங்கு ஆங்கிலமய வகுப்புகளில்தான் குவிந்திருந்தது. அவரும் ஷான் ரியர்டனும் கண்ட மற்றொரு முடிவும் இதற்கு ஒத்தது: இருமொழி வகுப்பினர் தொடக்கத்தில் மெதுவாக வெளியேறினாலும் இறுதியில் அவர்களுள்தான் மிகுதியானோர் வெளியேறினார்கள்.

ஆகவே அடையாளம் தானாகவே நன்மையோ தீமையோ செய்வதில்லை. அதன் பின்னால் எந்த வகுப்பறை இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகச் சட்டம் நுழைவைக் கவனமாகக் காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஆண்டுகளில் அறிவியலும் வரலாறும் வேகம் குறையாமல் கற்கக் கிடைத்தனவா என்று கேட்பதற்கு அதனிடம் அத்தனை கூர்மையான கேள்விகள் இல்லை.

மீண்டும் ஒரு விலக்கல்

2015 ஜனவரியில் நீதித்துறையும் கல்வித்துறையும் இணைந்து, மாவட்டங்களின் கடமைகளை விளக்கும் விரிவான மடல் ஒன்றை வெளியிட்டன. 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலம் நாட்டின் அலுவல்மொழி என்று நிர்வாக ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த மடல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1981 பிப்ரவரியை அறிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. நெறிமுறையைச் செயலர் ஒருவரின் கையொப்பம் விலக்கிவிடும். 1964, 1974 ஆண்டுகளின் சட்டங்களையும் லாவ் தீர்ப்பையும் அது விலக்காது. கடமை இருக்கிறது; அதை எடுத்துச் சொல்பவரும் கண்காணிப்பவரும் குறைகிறார்கள். அப்போது சுமை பெற்றோர்மேலும் ஆசிரியர்மேலும் விழுகிறது. உரிமையைத் தெரிந்தவர் கேட்டுப் பெறுவார். தெரியாதவரின் குழந்தை 1970இல் இருந்த இடத்துக்கே திரும்பும்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். தமிழ் என்றே எழுதுங்கள். பொய் எழுதினால் அவனுக்கு உள்ள உரிமையை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். அவனுக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரிந்தால் சோதனையிலேயே அது தெரிந்துவிடும். ஆனால் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். மதிப்பெண்ணை எழுத்தில் கேளுங்கள். எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம், அந்நேரத்தில் அவன் எந்தப் பாடத்தை இழக்கிறான் என்று கேளுங்கள். வெளியேற என்ன மதிப்பெண் வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அப்படியே எழுதினார். பையன் பேசுவதிலும் கேட்பதிலும் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்று, வாரம் சில மணி நேரம் ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் செல்கிறான். மூன்று கேள்விகளுக்கு அக்கா விடையளித்துவிட்டார். அக்கா கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குப் பள்ளி உடனே விடை தந்தது. அந்நேரத்தில் எந்தப் பாடத்தை இழக்கிறான் என்பதற்கு, விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.